மூணாறு தலைப்பு

“கடையில ரெய்டு போடப் போறேன்” என்றதும்
பார்சலை இறக்கிய இன்பராசுவுக்கு முகம் வெளிறியது.
வருமான வரிக்காரர்கள் வந்து தேட
பல்கீஸ் வீடியோஸில் என்ன இருக்கிறது,
இரண்டு குடைவிளக்கு, ஒரு டெஸ்க்டாப்,
நீடாமங்கலம் கேட் மூடும்போதெல்லாம்
ஃபேனுக்கு அடியில் வந்து நிற்கிற ஆட்கள்.

அது வேற ரெய்டு தம்பி.
மூணு டிஸ்க், தலைக்கு நாலு டெராபைட்.
மூணும் சேர்ந்து ஒண்ணு மாதிரி நடக்கும்.
ஒண்ணு செத்தா மத்த ரெண்டும்
செத்தவன் என்ன வச்சிருந்தான்னு சொல்லும்.

போன தையில் செத்தது ஒற்றை டிஸ்க்.
டக் டக்கென்று பல்லி போல நாலு தரம்,
பிறகு அதுவும் இல்லை.
உள்ளே இருந்தது ஆதனூர் சித்திரவேல்
மகளுக்குக் காது குத்திய காலை.
முன்பணத்தைத் திருப்பி நீட்டினேன்.
வாங்கவில்லை. கேட்டது இவ்வளவுதான்:
“மறுபடி குத்தலாம்னா காதுல எடம் ஏதும்மா?”

பெட்டியின் மூடியைக் கழற்றினேன்.
ஆறு வருசத்துத் தூசி, நடுவில் ஒரு நெல் உமி.
எப்படிப் போனதென்று கேட்காதீர்கள்,
அறுவடையில் இங்கே உமி போகாத இடமில்லை.
மூன்றாவது டிஸ்குக்கு
மூணு திருகாணிதான் கிடைத்தது.
எது எந்தக் கேபிளில் என்று குழம்பாதிருக்க
மார்க்கரால் பேர் எழுதச் சொன்னேன்.
ஏ, பி, சி என்று போடுவான் என்று பார்த்தால்
இன்பராசு எழுதியிருந்தான்:
வெண்ணாறு. கோரையாறு. பாமணி.

ஊர்க்காரன் வேறு என்ன எழுதுவான்.
பக்கத்தில்தான் தலைப்பு.
ஒரு ஆறு வந்து முட்டி
மூணாகப் போகிறது.

“பன்னெண்டு வாங்கி எட்டுதானாக்கா?”
ஆமாம். நாலு கணக்குக்குப் போகிறது.
ரசீதின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன்:
ஒண்ணும் ஒண்ணும் சுழி.
ஒண்ணும் சுழியும் ஒண்ணு.
மூன்றில் ஏதாவது ஒன்றை விரலால் மறை,
மிச்சத்தைப் பார்த்து மறைந்ததைச் சொல்.
மறைத்தான். சொன்னான். திரும்ப மறைத்தான்.
ரசீது முழுக்க விரல் ரேகை.

என்டர் தட்டும்போது மணி எட்டேகால்.
ஆனியில் கடைமடைக்குத்
தண்ணீர் வருகிற வேகத்தில் சதவீதம் நகர்ந்தது.
பதினொன்றரைக்கு நாற்பத்து மூன்று.
கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தத் தொடங்கியது, பசித்த குட்டி போல.
நான் பெட்டியின் மேல் கை வைத்தபடி நின்றேன்;
அதனால் யாருக்கு என்ன பயன், தெரியாது.
நெல் ஏற்றிய கூட்ஸ் ஒன்று கடந்தது,
மேசை நடுங்கியது, என் கையும்.
ஏழாவது நிமிடம் கரண்ட் வந்தது.

விடியற்காலை நாலுக்கு முடிந்தது.
ஒரே ஒரு கல்யாணத்தை ஏற்றி,
ஓடவிட்டு,
கோரையாற்றின் கேபிளைப் பிடுங்கினேன்.
திரையில் சிவப்பு எழுத்து, புலம்பல்.
கொரடாச்சேரிக் கல்யாணம் நிற்கவில்லை.
நாத்தனார் முடிச்சுப் போட்டாள், அட்சதை விழுந்தது,
ஒரு அரிசி குறையவில்லை.

இன்பராசு கை தட்டினான்.
எனக்குத் தட்ட வரவில்லை.
கோரையாறு காய்ந்த வருசம்
வெண்ணாற்றையும் பாமணியையும் கூட்டிக் கழித்து
யார் அதை ஓட வைத்தார்கள்?
பேரை அழித்துவிடலாமா என்றிருந்தது.
மார்க்கர், அழியாத மார்க்கர்.

இன்னொன்றும் சொல்லிவைத்தேன்:
தப்பாய் அழித்தால் மூன்றும் ஒற்றுமையாய் அழிக்கும்.
இடி விழுந்தால் மூன்றுக்கும் ஒரே இடி.
அதனால் நாலாவதாக ஒன்று,
பழைய துப்பட்டாவில் சுற்றி,
வலங்கைமானில் தங்கை வீட்டு பீரோவில்.
அதற்குப் பேர் வைக்கவில்லை.

ஆவணியில் சித்திரவேல் வந்தார். கேட் மூடியிருந்தது.
சின்னவளுக்குக் காது குத்து, தேதி சொன்னார்.
“இந்தத் தடவை போவாதே?”
நான் வாயைத் திறக்குமுன்
இன்பராசு முந்திக்கொண்டான்:
“ரெய்டு போட்டிருக்கோம்ணே.”
கேட் திறக்கும்வரை அவர்
வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.