துணியில் தட்டுவது

ஈசா டவுன் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
உடைந்த ஏசிகளுக்கும் ஒரு தள்ளுவண்டிக்கும் நடுவே நின்றது.
நாலு தினார் என்றான், மூன்றரைக்கு முடிந்தது.
சக்கரம், மிதி, தலை எல்லாம் உண்டு.
எதுவும் அசையாது.
"உனக்கென்ன பைத்தியமா" என்று கேட்டபடியே
ஒரு பக்கம் பிடித்தான் மொஃபிசுல்.
சல்மாபாத், மூன்றாவது மாடி.
லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்கள் தங்கும் கட்டடத்தில்
லிஃப்ட் கிடையாது.

கடலுப்பு தின்ற இரும்பு.
மண்ணெண்ணெய் விட்டு மூன்று இரவு ஊறவைத்து
பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
கறுப்புக்கு அடியில் தங்கக் கோடு,
இறகு முளைத்த ஏதோ ஒரு மிருகம்.
முகம் மட்டும் யார் கை பட்டோ போயிருந்தது.
ஊசித்தகட்டைக் கழற்றினால்
பல்லுக்கடியில் அடை அடையாய்ப் பஞ்சு:
மேலே தோப் வெள்ளை, அதன் கீழே காக்கி,
அதற்கும் கீழே அபாயாக் கறுப்பு.

தோல் பெல்ட் இற்றுவிட்டது.
என் இடுப்பு பெல்ட்டை நீளவாக்கில் இரண்டாகக் கீறி
முனையோடு முனை கம்பி கோர்த்தேன்.
மறுநாள் முழுக்க, பேன்ட்டை
கேபிள் டையால் கட்டிக்கொண்டு
பதினாலாம் மாடியில் கிரீஸ் போட்டேன்.

கயிறு, சக்கரம், எதிர்ப்பாரம்.
பன்னிரண்டு வருஷமாய்ப் பார்க்கிற தொழில்தான்,
என் கால்தான் பிடிபடவில்லை.
குதிகால் அழுத்தினால் விரல்கள் மறந்துவிடும்.
சக்கரம் கொஞ்சம் போய், யோசித்து,
பின்னால் திரும்பும்.
நூல் அறும்.
ஊசியின் தட்டைப் பக்கம் எது என்று தெரிவதற்குள்
நாலு ஊசி முறிந்தது.
அப்புறம் நூலே கோர்க்காமல்
பழைய சம்பளச் சீட்டுகளில் ஓட்டிப் பழகினேன்.
அடிப்படைச் சம்பளத்தின் மேல் கோணலாய் ஓட்டைகள்,
ஓவர்டைம் அருகே ஒரு வளைவு,
பிடித்தம் என்ற வரியில் மட்டும்
அப்பழுக்கில்லாத நேர்கோடு.

முதலில் தைத்தது என் கட்டிலுக்கு ஒரு திரை.
ஓரம் பாம்பு போனது போல.
"எனக்கும் ஒண்ணு" என்றான் மேல்கட்டில் தவசிமுத்து.
பிறகு இர்ஷாத். பிறகு
கேட்கக் கூச்சப்பட்டுத் துணியை மட்டும்
மெஷின்மேல் வைத்துவிட்டுப் போன புதுப் பையன்.
எட்டாவது திரை முடிந்தபோது
ரமலான் பிறந்திருந்தது.
மீதமிருந்தது வாழைப்பழம் அச்சிட்ட துணி,
அது மொஃபிசுலுக்கு.

அன்றிரவு விளக்கை அணைத்ததும்
எட்டுத் துணிக்குள் எட்டு நீல வெளிச்சம்.
யார் சிரிக்கிறார்கள், யார் மூக்கை உறிஞ்சுகிறார்கள்,
ஒன்றும் தெரியவில்லை.
நான்தான் தைத்தேன்.
அடித்துப் போட்டது போல் தூங்க வேண்டியவன்
விழித்துக் கிடந்தேன்.

மூன்றரைக்கு சஹர்.
அவன் அலாரம் அடித்து ஓய்ந்துவிட்டது.
வழக்கமாய்க் காலைப் பிடித்து உலுக்குவேன்.
தூக்கிய கை தூக்கியபடி நின்றது.
துணியில் எப்படித் தட்டுவது?
வாயாலேயே "டக் டக்" என்றேன்.

உள்ளேயிருந்து, சொந்த வீட்டுக்காரன் குரலில்,
"யாரு?"
ஆறு வருஷமாய் ஒரே அறை.
பேரைச் சொன்னேன்.
"கொஞ்சம் இரு" என்றான்.