முப்பத்துமூன்றாவது பெட்டி

சித்திரை மூன்றாம் வாரம்
வேட்டைக்காரன்புதூரில் எங்கள் தோப்புக்கு
முப்பத்திரண்டு தகரப் பெட்டிகள் வந்திறங்கும்.
திருப்பூர், கோபி, ஊத்துக்குளி.
ஒருமுறை சேலத்திலிருந்து இரட்டையர், இருவருக்கும் ஒரே பூட்டு.
கேட்டருகே மேசை போட்டு
அப்பா பேரேட்டில் பதிவார்:
பிள்ளையின் பேர், கொண்டுவந்த சாமான்,
எதற்குப் பயம் என்றொரு கட்டம்.
பல்லி. இருட்டு. கத்தரிக்காய்.
முப்பத்துமூன்றாவதாக என் பேர்.
பயத்துக்கு நேரே மட்டும்
ஒரு கோடு இழுத்துவிடுவார்.

அன்று சாயங்காலத்திலிருந்து
அம்மா, கோகிலம் மிஸ்.

தேங்காய்க் களத்துச் சுவரில்
நீலப் பெயின்டில் முகாம் விதிகள்:
தொட்டியில் அடுத்தவர் காலை இழுக்கக் கூடாது.
மட்டை முறியும் சத்தம் கேட்டால்
அண்ணாந்து பார்க்காதே, ஓடு.
அழுகிறவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.
ஆறாவதைச் சித்தப்பா எழுதும்போது
நீலம் தீர்ந்து பச்சைக்கு மாறியது:
முகாம் முடியும்வரை
இங்கே யாருக்கும் அம்மா கிடையாது.

எனக்காக எழுதியதென்று ஒருவரும் சொல்லவில்லை.
முந்தைய வருசம்
நான் அவள் மடியில் படுத்ததைப் பார்த்துப்
பதினோரு பேர் ஒன்றாக அழுதார்களாம்.

ஐந்தரைக்கு மணி.
சித்தப்பா மோட்டாரைத் தட்டிவிடத்
தொட்டி விளிம்பில் நடுங்கும் விலா எலும்புகள்.
அரிசிம்பருப்பு எல்லோருக்கும் ஒரே கரண்டி,
நெய் ஒரே சொட்டு.
என் தட்டில் சொட்டு சின்னதென்று
நான் தனிக் கணக்கு வைத்திருந்தேன்.
முட்டியைச் சிராய்த்துக்கொண்டு போய் நின்றால்
"பேரென்ன கண்ணு?" என்று கேட்டபடி
மருந்து வைப்பாள் மிஸ்.
சொல்வேன்.
இனிஷியலோடு.

ஊத்துக்குளி சௌடேஸ்வரி
பாயை நனைத்துவிடுவாள்.
விடியுமுன் செம்போடு வந்து
நாலைந்து பாய்களில் தண்ணீர் தெளித்து,
"ராத்திரி ஓடு ஒழுகிருச்சுங்க" என்பாள் மிஸ்.
மேகமே இல்லாத மே மாதம்.
யாரும் எதுவும் கேட்டதில்லை.
நானும் ஒரு ராத்திரி
சொம்பைக் கவிழ்த்து நனைத்துக்கொண்டு கிடந்தேன்.
குனிந்தாள், தொட்டாள்,
"இது வெறும் தண்ணி கண்ணு"
என்று அடுத்த பாய்க்குப் போய்விட்டாள்.

ஞாயிறுதோறும் ஆளுக்கொரு தபால் கார்டு.
நவநீதன் தன் வீட்டு நாய்க்கு எழுதினான்.
எனக்கும் ஒன்று நீட்டினார் அப்பா,
நிமிர்ந்து பார்க்காமலே.
எங்கள் தோப்பு முகவரிதான்.
*அம்மாவுக்கு. நலம். சோறு பரவாயில்லை.
கோகிலம் மிஸ் நல்லவங்க,
ஆனா அவங்களுக்கு என்னைத் தெரியலை.
எப்ப வந்து கூட்டிட்டுப் போவீங்க?*
கடிதங்களைப் பிழை பார்ப்பது மிஸ் வழக்கம்.
என் கார்டில் 'தெரியலை'யைச் சிவப்பு மையில்
'தெரியவில்லை' ஆக்கிக்
கட்டோடு சேர்த்து வைத்தாள்.

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து
காத்துத் திரும்பும் வாரத்தில் முகாம் முடியும்.
கார்கள் வந்தன, ஒரு டிராக்டர் வந்தது,
சௌடேஸ்வரியின் அப்பா பஸ்ஸில் வந்து
பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.
நானும் கேட்டருகே
என் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.
எழுந்து போயிருக்கலாம்.
அப்பாவும் பேரேட்டை மூடவில்லை.

பொழுது சாய்கிறபோது
அம்மா ரோட்டுப் பக்கமிருந்து வந்தாள்.
வேற சீலை, தோளில் பை, செருப்பெல்லாம் புழுதி.
பின்வழியாகப் போய்
வாய்க்கால் மேட்டைச் சுற்றி வந்திருக்கிறாள்.
"எம்புள்ளையக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேனுங்."
"பேருங்க?" என்றார் அப்பா.
சொன்னாள்.
"இங்க ஒரு கையெழுத்து."

கேட்டிலிருந்து வீட்டுக்கு அறுபது எட்டு.
பெட்டி அவள் கையில்.
நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் நாள்
பொள்ளாச்சி போய் முத்திரை வாங்கிக்கொண்டு
கார்டு வந்து சேர்ந்தது.
முப்பத்துமூன்று போர்வைகளைத் துவைத்த கையைச்
சீலையில் துடைத்துக்கொண்டு
முதல்முறை படிப்பதுபோலப் படித்தாள்.
திருப்பியும் பார்த்தாள்.

"யாரு கண்ணு அந்த மிஸ்ஸு?
எனக்குப் புடிக்கவே இல்ல."