புழுக்கம்

கதைப்படி இது மே மாதம்.
கதைப்படி கரண்ட் போய் மூன்று மணி நேரம்.
உள்ளே வெந்து போகிறது என்று
பாயைச் சுருட்டிக்கொண்டு
அவள் மொட்டை மாடிக்கு வருகிறாள்.

உண்மையில் மார்கழி பதினெட்டு.
பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு, மணி நாலு பத்து.
கடலுக்கும் எங்களுக்கும் நடுவில்
ஒரு துணிக்கொடி, அதில் யாரோ மறந்த ஒற்றை சாக்ஸ்.

பத்தொன்பது டிகிரி என்றது குணாளனின் போன்.
இதெல்லாம் ஒரு குளிரா என்று சிரித்தான்
சிம்லாவில் இரண்டு வருஷம் இருந்த லெனின்துரை,
டீ கப்பை இரண்டு கையாலும் அணைத்தபடி.
இந்த ஊர் உடம்புக்கு வெயில் மனப்பாடம்.
குளிரை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கும்.

தாஜுன்னிசாவுக்கு மெல்லிய பருத்திச் சேலை.
வேர்வை தெரியணும் என்றான் இளம்பரிதி.
நெற்றியில் கிளிசரின்.
கழுத்திலும் முதுகிலும்
சலூனில் கடன் வாங்கிய ஸ்ப்ரே பாட்டிலிலிருந்து
தொட்டித் தண்ணீர்.
ஒவ்வொரு பீச்சலுக்கும் அவள் தோள்
நத்தை மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது.
சாரிக்கா, சாரிக்கா என்றான் பீச்சுகிற பையன்.
பத்தாவது சாரிக்குச் சத்தமே இல்லை.

காசு கிடையாது என்று முதலிலேயே சொல்லியிருந்தோம்.
பிரியாணி உண்டு என்றும்.
அம்பத்தூரில் நைட் ஷிப்டைப் பாதியில் விட்டு வந்திருந்தாள்.

நான் சவுண்ட்.
ஒட்டடைக் கம்பில் கட்டிய மைக் தலைக்கு மேலே.
இன்னொன்று அவள் தலைப்புக்குள்,
வடபழனியில் நாளொன்றுக்கு எழுநூறு வாடகை.
மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள்.
எனக்குக் கேட்டது.

"யப்பா, என்னா புழுக்கம்."
மூன்றே சொல்.
ஒவ்வொன்றுக்கும் அடியில்
கண்டக்டர் பையில் சில்லறை குலுங்குகிற மாதிரி
பற்கள்.

கையைத் தூக்கினேன். சவுண்ட் ஓகே இல்லை.
என்னடா ஆச்சு?
காற்று என்றேன்.
பல் என்று சொல்ல வாய் வரவில்லை.

டேக் மூன்றில் எவரோ மோட்டார் போட்டார்கள்.
டேக் நாலில்
கோயில் ஒலிபெருக்கி விழித்துக்கொண்டு
எங்கள் மே மாதத்துக்குள் மார்கழியை ஊற்றியது.
டேக் ஆறில் பால் வண்டி.
டேக் ஏழில்
தண்ணி வருதா பார்க்க மேலே வந்த மூன்றாம் மாடி அம்மா
நைட்டிக்கு மேல் போர்வையோடு நின்று கேட்டார்:
"இந்தக் குளிர்ல எதுக்கும்மா விசிறிக்கினு இருக்கே?"
ஒருவரிடமும் பதில் இல்லை.
விசிறி மட்டும் இன்னும் இரண்டு தரம் அசைந்தது.

மைக்குக்குப் போர்த்தும் ரோமக் கூடு ஒன்று உண்டு,
எங்கள் வகுப்பில் அதற்குப் பூனை என்று பேர்.
கழற்றி அவளிடம் நீட்டினேன்.
இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொண்டாள்.
நன்றி சொல்லவில்லை.
ஹெட்போனில் ஒரு சின்ன "ம்" கேட்டது,
என்னிடம் சொன்னதல்ல, பூனையிடம்.

ஐந்து ஐம்பது. கடல் பக்கம் வெளுத்துக்கொண்டு வர
இளம்பரிதி நகத்தைக் கடித்தான்.
இதுதான் கடைசி. டேக் ஒன்பது.
வசனம் சுத்தமாக வந்தது.
அப்படியொரு புழுக்கம்; எனக்கே காலர் இறுகியது.
எல்லோரும் கை தட்டினோம்.
அது சூடாக இருந்தது,
தட்டின கைகளுக்கு.

எப்படிக்கா என்று கேட்டேன்.
நாக்கைப் பல்லுக்கு நடுவுல கொடுத்துட்டேன், என்றாள்,
டீ எரிய எரிய.

இப்போது நிஜமாகவே மே.
படத்துக்கு மார்க் வந்துவிட்டது, சுமார்தான்.
கரண்ட் போய் ஒரு மணி நேரம், பனியன் முதுகோடு ஒட்டுகிறது.
லேப்டாப்பில் சார்ஜ் பதினொன்று சதவீதம்.
'டேக் 5, ஆகாது' என்று பேரிட்ட கோப்பைத் திறக்கிறேன்.
முதலில் காற்று.
பிறகு அவள் பற்கள், தூரத்தில்.
அப்புறம்
மைக்குக்கு இன்னும் பக்கத்தில், கம்போடு சேர்ந்து நடுங்கியபடி
வேறொரு பல்வரிசை.

அன்றைக்கு அவளை மட்டும்தான் கேட்டேன் என்று நினைத்திருந்தேன்.