புளியங்கொட்டை அளவு

துப்பாக்கி வாங்கியபோது
ஒருவரும் என் கையைப் பார்க்கவில்லை.
ஆட்சியர் அலுவலகம் வரி ரசீதைப் பார்த்தது.
காவல் நிலையம் வழக்கு உண்டா என்று பார்த்தது.
பக்கத்து மில்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

மூக்கு சப்பையான பழைய ரிவால்வர்.
முன்பு வைத்திருந்தவர் மாயவரத்துக் கண் டாக்டர்,
ஆறடி ஆள்.
அவர் உள்ளங்கை உட்கார்ந்த இடமெல்லாம்
பிடியின் பலகை வழுவழுத்துக் கிடந்தது.
எனக்கு அது இன்னொருவர் செருப்பு.

விசை வளையத்துக்குப் பின்னால்,
பிடி தொடங்கும் இடத்தில் ஒரு சந்து.
புளியங்கொட்டை அளவுதான்.
சுடும்போது அந்தச் சந்தின் வழியாகத்தான்
இரும்பு பின்வாங்கி வந்து
நடுவிரல் முட்டியில் அறையும்.
முதல் நாள் மூன்று குண்டும்
மண்மேட்டின் காலடிக்குப் போயின.
விரல் நாவல்பழமாயிற்று.
இரண்டு நாள் மில் கணக்கை
மாப்பிள்ளைச்சாமிதான் எழுதினான்,
இரண்டு நாளும் தப்பாக.

தஞ்சாவூரில் அமலதாஸ் கடை.
"கிரிப் அடாப்டர் போடுங்க அக்கா,
பிடிய மாத்த வேணாம்.
சொத்தப் பல்லு அடைக்கிற மாதிரிதான்."
கண்ணாடிமேல் மூன்றை உருட்டிவிட்டார்.

ரப்பர் நன்றாக ஒட்டியது,
சித்திரை மாதத்துக் கைக்கு நல்லதுதான்.
ஆனால் முந்தானையையும் விடவில்லை.
பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன்,
கூடவே சேலையும் வந்தது.
அவசரத்துக்குத் திருடன் முன்
புடவையைத்தான் நீட்ட வேண்டும்.

அலுமினியம் அழகு.
கொஞ்சம் தடிமன், கை கீழே இறங்கிவிட்டது.
விசையைத் தொட ஆள்காட்டி விரல்
பரணில் பாத்திரம் எடுப்பதுபோல் எக்கியது.

மூன்றாவது பூவரசு.
கஜா புயலில் சாய்ந்த மரமாம்.
விற்கிறவர் வார்த்தை, அது கிடக்கட்டும்.

நான் நெல் வாங்குகிறவள்.
மூட்டையைப் பார்த்து விலை சொன்னதில்லை.
உள்ளங்கையில் தேய்த்து, ஒன்றைக் கடித்தால்
ஈரம் பதினேழா பத்தொன்பதா என்று
பல் சொல்லிவிடும்.
கண்ணை மூடிக்கொண்டு
வெற்று ரிவால்வரைப் பத்துமுறை எடுத்தேன்.
ஒன்பது முறை நடுவிரல்
கேட்காமலே தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.
பத்தாவது முறை
கடைக்குள் யாரோ இருமினார்கள்.

ரப்பரைவிட இரண்டு மடங்கு விலை. கொடுத்தேன்.
பலகைக்கு அடியில் இரண்டு செப்புக் காது,
நடுவில் ஒரே திருகு.
அடுத்த முறை மூன்றில் இரண்டு அட்டையில்.
விரல் வீங்கவில்லை.

மாசி. சம்பா நெல் வந்து குவிகிற வாரம்.
பட்டுவாடாப் பணம் பையில் கனக்கிற நேரம் பார்த்து
தேர்தல் தேதியை அறிவித்தார்கள்.
உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டுமாம்.

நிலையத்தில் ஏட்டு தமயந்தி
உரிமத்தைப் பார்த்தாள், ரிவால்வரைப் பார்த்தாள்.
"இந்த மரத்துண்டு இதுல எழுதலியே?
கழட்டிக் குடுங்க அக்கா.
நாளைக்குக் காணோம்னா நான் எங்க போவேன்?"
பழைய நாலணாவால் திருகைக் கழற்றினோம்.
வாய்க்கால் தகராறில் பிடித்த
நான்கு மண்வெட்டிகளுக்குப் பக்கத்தில்
டாக்டரின் ரிவால்வர் படுத்துக்கொண்டது.

இரவு ஒன்பதரை. நீடாமங்கலம் ரயில்வே கேட்.
வழக்கம்போல் மூடியிருந்தது.
ஸ்கூட்டரில் நான், மடியில் பை,
பையில் பதினோரு பேருக்குத் தரவேண்டிய பணம்.
முகப்பு விளக்கை அணைத்தபடி
ஒரு பைக் பக்கத்தில் வந்து நின்றது.
இரண்டு பேர். பின்னால் இருந்தவன்
என் மடியையே பார்த்தான்.

வலது கை பைக்குள் போனது.
நோட்டுக் கட்டுகளைத் தாண்டி
அந்த மரத்துண்டைத் தேடி மூடிக்கொண்டது.
நடுவிரல் தன் இடத்தில் உட்கார்ந்தது.
அதற்கு மேலே இரும்பு இல்லை என்பது
எனக்குத் தெரியும்,
விரலுக்குத் தெரியவில்லை.

"அக்கா, போறது கூட்ஸா, பாசஞ்சரா?"

"கூட்ஸு" என்றேன்.
குரல் நான் நினைத்ததைவிடக் கனமாக வந்தது.
அவன் இஞ்சினை அணைத்துவிட்டு
கொட்டாவி விட்டான்.

நாற்பத்திரண்டு பெட்டி எண்ணினேன்.
கேட் ஏறிய பிறகுதான் கையை வெளியே எடுத்தேன்.
உள்ளங்கையில்
திருகின் தலை அழுத்திய வட்டம்,
வட்டத்துக்கு நடுவே ஒரு சின்னக் கோடு.