மூன்று விநாடி

லைவ் ஒன்பதரைக்கு.
அதற்குள் குழம்புச் சட்டியை பால்கனிக்குக் கடத்தி
கொடிக்கயிற்றில் நீல வேட்டியைத் தொங்கவிட்டு
இது வீடு என்று தெரியாதபடி செய்துவிட வேண்டும்.
கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி கத்தும்போது மட்டும்
பேச மாட்டேன்,
காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுவேன்.

ஏகவல்லி என்ற பேர் திரையில் அடங்காது.
ஏகா கலெக்ஷன்ஸ்.
இருநூற்றுப் பதினாறு பேர் பார்க்கிறார்கள்,
பாதிப் பேர் போனை மார்பில் கவிழ்த்துத் தூங்கியவர்கள்.

ஓட்டைக் காலணா போனது.
யானை போட்ட தீப்பெட்டி லேபிள் பன்னிரண்டும்
தொண்ணூறு ரூபாய்க்குப் போனது.
ஒரு ரூபாய் பூத் போனின் சாவியை, போனே இல்லாமல்,
திருநின்றவூர்க்காரர் ஒருவர் எடுத்தார்.
எதைத் திறப்பாரோ.

ஏழாவதாக அந்தக் கப்.
காயலாங்கடையில் பித்தளை எடைக்கு வாங்கியது,
முந்நூற்று எண்பது கிராம்.
கேரம், ரன்னர், தொண்ணூற்றொன்று.
பேர் இருந்த இடத்தில் ஆணிக் கீறல்.
இடது கைப்பிடி லேசாக ஆடியது.
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பேர் எங்கக்கா என்றார் கொங்கு நாணயம்.
அதான் சார் இதுல விசேஷம்,
உங்க பேரையே நெனச்சுக்கலாம்.
முந்நூறு.
ஐந்நூறு என்றது படமில்லாத ஓர் ஐடி,
பேருக்குப் பதில் வெறும் எண்கள்.
எழுநூறு. ஆயிரம்.
ஆயிரத்து நூறு என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ
ஆயிரத்து நூறு என்றார்கள்.

என் குரல்தான்.
மூன்று விநாடி பிந்தி, தகரம் கலந்து.

பக்கத்து வீட்டுத் துலுக்காணம்.
மணலியில் வாட்ச்மேன், இன்று ஷிப்ட் இல்லை போல.
போன வாரம்தான் எங்களிடம் சிலிண்டருக்குக் கைமாற்று வாங்கினார்.
ஏலத்தை நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை.
விலை ஏறும்போது மடங்குகிற நாக்கு எனக்கு வாய்க்கவில்லை.

ஆயிரத்து எண்ணூறு, சுவர்.
இரண்டாயிரம், கோயம்புத்தூர்.
இரண்டாயிரத்து முந்நூறு, சுவர்.
முந்நூற்று ஐம்பது, கோயம்புத்தூர்.
ஒரு தரம் என்றேன்.
சுவரும் சொன்னது.
ரெண்டு தரம்.
கொஞ்சம் நேரம் கொடுத்தேன், வழக்கத்தைவிட அதிகம்.
எண்கள் எதுவும் வரவில்லை.
மூணு.
அந்தப் பக்கம் என் மூணு
பாதியில் அணைந்தது.
பிறகு ஃபேன் சத்தம்.

காலையில் தண்ணி லாரி.
எனக்கு முன்னால் அவர், இரண்டு பச்சைக் குடங்களோடு.
திரும்பாமலே கேட்டார்:
ரெண்டாயிரத்து முந்நூத்தம்பதா?
ஆமா.
ஃபர்ஸ்ட் பிரைஸ்னா எவ்ளோக்குப் போவும்?
தெர்லண்ணே, வந்தா பாக்கலாம்.
அது வராது, என்றார்.

குடத்தைத் தோளில் ஏற்றினார்.
நாலு படி ஏறி, நின்று,
கீழே பார்க்காமல் சொன்னார்:
எடது கைப்பிடி ஆடும்.
சொல்லி அனுப்பு.

லைவில் அதை நான் ஆட விடவே இல்லை.
பின்னால் நின்ற அம்சா குடத்தால் இடித்தாள்,
இன்னாக்கா, லைன் நகருது.

மத்தியானம் பபிள் ஷீட்டில் சுற்றினேன்.
துண்டுச் சீட்டில் எழுதினேன்:
இடது கைப்பிடி ஆடும், இருநூறு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
அனுப்பினேன். வயிறு எரிந்தது, உண்மை.
கீறலைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

கொரியர் பையன் பெட்டியைக் காதோரம் குலுக்கினான்.
உள்ள ஏதோ ஆடுதுக்கா.
தெரியும்பா, எழுதியிருக்கேன்,
எடுத்துட்டுப் போ.