அறுபத்து மூன்றாம் பக்கம்

ஒலிவ் டிஜிட்டலில் எனக்கு வரும் வேலை
பெரும்பாலும் சாவுதான்.
கல்யாணம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு வரும்.
இது காலையில் வந்து மதியத்துக்குள் கேட்கும்,
களியக்காவிளைக்குத் தமிழில் ஒரு பக்கம்,
பாறசாலைச் சொந்தத்துக்கு மலையாளத்தில் மறுபக்கம்.

முதலாளி எண்ணூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தார்.
‘படத்துக்கு ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு.
பில்லு முக்கியம் வின்சிலா.’
செக்போஸ்ட் தாண்டித் திருவனந்தபுரம் வரை
நின்றுகொண்டே போனேன்.

கடைக்காரர் முதலில் இறக்கியது தலையணைக் கனம்.
அட்டையில் ஒரு அன்னம்
காரின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.
உள்ளே, செம்பட்டை முடிக் குழந்தைகளின்
கண் சிவப்பை நீக்க ஒரு முழு அத்தியாயம்.
என்னிடம் வரும் படங்களில் கண் சிவப்பதில்லை.
மூடியிருக்கும்.
மூடிய கண்ணைத் திறக்க வழி உண்டா என்று
பொருளடக்கத்தில் விரல் ஓட்டினேன்.
புத்தகத்தை மூடினேன்.

தமிழில் ஒன்று இருந்தது. ஆசையாய்த்தான் எடுத்தேன்.
லேயரை அடுக்கு என்றது, புரிந்தது.
அதன் பிறகு எல்லாப் பக்கத்திலும்
‘உரிய இடத்தில் சொடுக்கவும்.’
உரிய இடம் தெரிந்திருந்தால்
நான் ஏன் பஸ் ஏறுகிறேன்?

நெய்யாற்றின்கரையில் அச்சான மலையாளப் புத்தகம்
நூற்றுச் சொச்சம் பக்கம்.
பேச்சு எனக்குத் தண்ணீர்,
வாசிப்பு எழுத்துக்கூட்டித்தான்.
‘இந்தச் சிவப்பைக் கவனிக்கவும்’ என்று
சாம்பலைக் காட்டியது, உள்ளே முழுக்கக் கறுப்பு வெள்ளை.
வைக்கப் போனவள் அறுபத்து மூன்றில் நின்றேன்:
தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை எடுப்பது எப்படி.

குடும்பப் படத்திலிருந்து ஒருவரை வெட்டினால்
யார் கையோ கூடவே வந்துவிடும்.
அதுவரை அதன் மேல் ரோஜா ஒட்டிக்கொண்டிருந்தேன்.
கறிக்கடைக்காரருக்கும் ரோஜா, உபதேசியாருக்கும் ரோஜா.

பக்க வடிவமைப்புக்கு நடைபாதையில் பழைய இங்கிலீஷ்.
எங்கள் சாப்ட்வேருக்கு மூன்று பதிப்பு மூத்தது,
பின்னட்டை உறையில் சிடி இல்லை.
வரி உடைந்து, சாமுவேலின் இரட்டைக்கொம்பு மேலே நிற்க
மிச்சம் கீழே விழுந்ததற்கு
அவர் மகன் போட்ட சத்தத்துக்கு அதில் மருந்தில்லை.
ஆனால் நாலாம் அத்தியாயம் வரை
யாரோ பென்சிலால் கூடவே வந்திருந்தார்.
சட்டத்துக்கு வெளியே படம் நீளலாம் என்ற வரிக்குப் பக்கத்தில்
மலையாளத்தில், ‘நடக்கில்லா.’
அதோடு பென்சில் நின்றுவிட்டது.
அந்த ஆளோடு வழக்காடவே நூற்றிருபது கொடுத்தேன்.
பில் கேட்டதற்கு நடைபாதைக்காரர் சிரித்தார்.

பதினேழாம் நாள், ரப்பர் வெட்டுத் தாசையன்.
மருமகன் வீடு பால்காய்ச்சின படம், கட்டம் போட்ட சட்டை,
இடது தோளில் ஒரு கை.
ஏழு படிகள். ஒவ்வொரு கட்டமாய் நகலெடுத்து
மேலே மேலே வைத்து
அங்கே கையே இருந்ததில்லை என்றாக்கினேன்.
முதல்முறையாக ரோஜா இல்லை.
திரையைத் திருப்பி ஞானறோஸ் அக்காவுக்குக் காட்டினேன்.

‘கை எங்க?’
‘எடுத்தாச்சு அக்கா.’
‘அது எனக்க கையில்லா மக்களே.’

ஒவ்வொன்றாய்ப் பின்னால் போனேன்.
கட்டங்கள் கலைந்து விரல்கள் வந்தன,
நகம், கல் இல்லாத மோதிரம், கண்ணாடி வளையல்.
வெட்டிய இடத்தில் கை அந்தரத்தில் தொங்கிற்று.
பென்சில்காரர் நடக்காது என்ற வரியைத் திறந்து
மூன்று தடவை தோற்று, நாலாவதில்
கை சட்டத்தைத் தாண்டி
அட்டையின் ஓரம் வரை நீண்டது.
முதலாளி எட்டிப் பார்த்து,
‘மிஸ்டேக்னு நினைப்பாங்க’ என்றார்.

மலையாளத்தில் வரிகள் நீளம்.
அந்தப் பக்கத்தில் இடம் போதாமல்
மணிக்கட்டு வரைதான் வந்தது.