ஒரு யானை, அந்த யானை

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
போட்டோக்கொப்பியும் ரைப்பிங்கும் செய்கிற எங்கள் கடையில்
அன்று காலையிலேயே இரண்டு வழக்குத் தீர்த்தாயிற்று.
‘டிஸ்கஸ்’ வந்தால் பின்னால் ‘எபவுட்’ வராது,
பாங்க் மனேஜரே எழுதினாலும் வராது.
செத்துப்போனவரின் பெயருக்கு முன்னால் ‘லேட்’ போட்டால்
அவர் பிந்தி வந்தார் என்று ஆகாது.
‘பிரிபோன்’ என்றொரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதில்
எனக்கும் ஹில்மியாவுக்கும் பத்து மணியிலிருந்து பேச்சில்லை.

அப்போதுதான் தங்கநேசம் வந்தாள்,
கிட்டங்கித் தாம்போதியில் நனைந்த சேலைக்கரையோடு.
கையில் கிராம சேவகர் தந்த துண்டு.
போனில் உடைந்த சுவர்.

அம்பாறைக் கந்தோருக்குக் கடிதம்.
தமிழில் எழுதினால் கிடப்பில் கிடக்கும்.
சிங்களம் எங்கள் இரண்டு பேருக்கும் கைவராது.
நடுவில் இங்கிலீசு,
கலியாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த கதிரை மாதிரி.
ஆருக்கும் சொந்தமில்லை, எல்லாரும் இருக்கலாம்.

‘அன் எலிபன்ட்’ என்று தொடங்கி
அடித்ததைத் தமிழில் சொல்லிக்காட்டினேன்:
ஒரு யானை, இரவு இரண்டு மணிக்கு...

“என்ன, ஒரு?” என்றாள்.
“அந்த யானை எண்டு போடுங்க.
இடது காது கிழிஞ்சது. வாலில மயிரில்ல.
மாசியில சின்னத்துரைட குடிலத் தட்டினது.
போன போகம் எங்கட வேளாண்மைக்குள்ள படுத்தெழும்பினது.
அதத் தெரியாத ஆள் எங்கட பக்கம் இல்ல.”

சட்டம் சொன்னேன்.
வாசிக்கிறவருக்கு முன்பின் தெரியாததென்றால் ‘அன்’,
தெரிந்ததென்றால் ‘தி’.
கந்தோரில் இருக்கிறவர் உங்கள் யானையைக் கண்டதில்லை.

“காணாதது அவர்ட பிழை.
மூணு தரம் எழுதியாச்சு. இது நாலாந்தரம்.
நாலாந்தரமும் புதுசா வந்தது மாதிரியா சொல்லுற?”

பேச்சில்லை என்பதை மறந்து
“அதுவும் நியாயம்தானே” என்றாள் ஹில்மியா.

பிறகு சேதம்.
சுவர், ஏழு மூட்டை நெல்லு, வாழை, தண்ணீர் டாங்கி,
எல்லாம் சேர்ந்தும் ‘டமேஜ்’ ஒருமைதான்.
கடைசியில் ஒரு எஸ் ஒட்டினால்
பொருளே மாறிப்போகும்: நட்டஈட்டுக் காசு.
தங்கநேசம் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்திருந்தாள்.
“அப்ப நான் கேட்டு வந்தது அந்த எழுத்தத்தான்.”

சுவரை உடைத்தது ‘விச்’சா, ‘ஹூ’வா?
மிருகமென்றால் ‘விச்’,
பேர் வைத்திருந்தால் ‘ஹூ’வும் போடலாம் என்றாள் ஹில்மியா.
“பேர் இருக்கு” என்றாள் தங்கநேசம்.
“எங்கட பழைய மெம்பர்ட பேர். போடேலாது.”
‘விச்’ என்றே விட்டோம்.

‘தி எலிபன்ட்’ என்றுதான் கடிதம் போனது.
இலக்கணம் தோற்றதா, தெரியவில்லை.
நூற்றியிருபது ரூபா. மீதிச் சில்லறைக்கு இரண்டு டொபி.

மறுமொழி வர ஐப்பசி முடிந்துவிட்டது.
வாசிக்கத் தந்தாள். ஒரே பந்தி,
‘வித் ரெபரன்ஸ் டு யுவர் எலிபன்ட்’ என்று தொடக்கம்.
உங்கள் யானை தொடர்பாக.

ஹில்மியா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள்.
நடுவில் ‘கடிதம்’ என்ற சொல் விடுபட்டிருக்கலாம் என்றேன்.
தங்கநேசம் சிரிக்கவில்லை.
“என்ட யானையா?
அப்ப நட்டஈடு நான்தான் குடுக்கணுமோ?”

திருத்தி எழுதிக் கேட்கவா என்றதற்கு
வேணாம் என்று கடிதத்தை நாலாய் மடித்து
கைப்பைக்குள் வைத்தாள்.
பஸ்ஸை விட்டால் நடக்கவேணும்,
இருட்டினால் வழியில் யானை நிக்கும் என்றாள்.

ஒரு இல்லை, அந்த இல்லை,
சும்மா யானை.
எந்த யானை என்று நாங்களும் கேட்கவில்லை.